பத்தரைப் பிள்ளைகள்

ஷீபா,

நீ புது வேலைக்கென்று தாதரில் ரயில் ஏறிப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்று எனக்குத் தெரியும். வாட்ஸப்பில் பேசி அனுப்பியிருக்கலாமே என்று நீ கேட்பாய். பேசினால் நான் பாதியில் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவேன். அதைத்தான் பதினாறு வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறேன். எழுதினால் தாவ முடியாது. இதில் ஒரு நகலை நம் சபையின் மாதப் பத்திரிகைக்கும் கொடுத்திருக்கிறேன். என் பெயர் இருக்காது, உன் பெயரையும் மாற்றித்தான் போடுவார்கள். ஆனாலும் சுனாபட்டியில் பள்ளிக்கூட வேன் ஓட்டிய பொம்பளை என்றால் யாரென்று எல்லாருக்கும் தெரியும். அந்த எல்லார் முன்னாலும்தான் உனக்கு ஒரு கெட்ட பெயர் வந்தது. உன் காதில் மட்டும் சொல்லி அதைச் சரிசெய்துவிட முடியாது என்று எனக்குப் பட்டது. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் திரும்ப வாங்கிவிடுகிறேன்.

நீ போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து உனக்காக ஜெபம் பண்ணினார்கள். பெண் பிள்ளை, மோட்டார் வாகன உதவி ஆய்வாளர், அதுவும் நம் சபையில் முதல் ஆள் என்று போதகர் ஐயருக்கு ஒரே பெருமை. டீச்சர், நர்ஸ், பேங்க் என்று எத்தனையோ இருக்க இந்த வேலையை எதற்கம்மா பிடித்தாய் என்று அவர் மைக்கில் கேட்டார். நீ, "சின்ன வயசுல அம்மா வண்டியில போனேன்லா ஐயரே, அதான்" என்றாய். சொல்லிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். எல்லாரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. அம்மா வண்டி ஓட்டியதைப் பார்த்து ஆசை வந்தது என்றாயா? என்னைப் போல் ஒருத்தியை நடுரோட்டில் நிறுத்திக் கேள்வி கேட்கத்தான் போகிறேன் என்றாயா? ஒருநாள் இப்படித் தோன்றுகிறது, மறுநாள் அப்படித் தோன்றுகிறது. உன்னிடமே கேட்டிருக்கலாம். ரயில் வரும்வரை ஒன்றரை மணி நேரம் பிளாட்பாரத்தில் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இட்லிக்குப் பொடி வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் மூன்று தடவை சொன்னேன்.

வண்டி முதலில் உன் அப்பாவுடையது. உனக்கு ஆறு வயதாகும்போது அவருக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். போர்டில் இருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னபோது அவர் மனப்பாடமாகச் சொல்லப் பார்த்திருக்கிறார். டாக்டர் சிரித்துக்கொண்டே வேறு போர்டை மாட்டிவிட்டாராம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சாவியை வேத வசனப் படத்துக்குக் கீழே வைத்தவர்தான், பிறகு அதைத் தொடவே இல்லை. நான் செம்பூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து ஓட்டப் பழகினேன். லைசென்ஸ் கிடைத்ததும் வண்டியை எடுக்கலாம் என்று நினைத்தேன், அப்படி இல்லை என்றார்கள். வெள்ளை போர்டு வண்டியில் சொந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு போகலாம், மஞ்சள் போர்டு வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்ற வேண்டும் என்றால் அதே கை, அதே கால், அதே பிரேக் ஆனாலும் பேட்ஜ் வேண்டும். அதற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும், போலீஸ் விசாரணை வேண்டும், மராத்தி தெரிய வேண்டும். அந்த ஒரு வருஷம் ஒரு டிரைவரை வைத்து ஓட்டினோம். நான் பாதி இந்தியும் பாதி மராத்தியுமாகப் பதில் சொல்லி ஒருவழியாக பேட்ஜ் வாங்கி, அதைச் சேலையில் குத்திக்கொண்டு எட்டு வருஷம் ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் உன் அப்பா டிவியில் கேட்டுவிட்டு, இலகு ரக வண்டிக்கு இனி தனியாக அது வேண்டாமாம் என்றார். அப்படியானால் அத்தனை வருஷமும் அது எதற்கு என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நான் சட்டத்தை மதிக்காதவள் இல்லை என்று நீ நம்ப வேண்டும். பர்மிட், பிட்னஸ், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வரிசையாக வைத்திருப்பேன். எனக்குக் குழப்பம் ஒன்றில்தான், எத்தனை பேர் என்பதில். ஆர்.சி. புத்தகத்தில் ஓட்டுநரையும் சேர்த்து எட்டு என்று போட்டிருந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருந்த ஏஜெண்ட் ஒருத்தர், அது பெரியவர்களுக்கு, பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் ஒன்றரை மடங்கு ஏற்றலாம் என்றார். என்னை விட்டால் ஏழு. ஏழுக்கு ஒன்றரை மடங்கு போட்டுப் பார்த்தால் பத்தரை வந்தது. அந்த அரைப் பிள்ளையை எங்கே உட்கார வைப்பது என்று கேட்டேன். அவர் அதெல்லாம் கேட்கக்கூடாது என்றார். இன்னொரு ஏஜெண்ட், அந்தக் கணக்கு பஸ்ஸுக்குத்தான், வேனுக்குக் கிடையாது என்றார். கவுண்டரில் கேட்டால், போர்டில் ஒட்டியிருக்கிறது படித்துக்கொள் என்றார்கள். போர்டில் இருந்ததில் வண்டியின் வெறும் எடை, முழு எடை, சிலிண்டர் பொருத்தினால் அதைப் பதிவு செய்வது என்று எல்லாம் இருந்தது, நான் கேட்டது மட்டும் இல்லை. எடையும் எனக்கு ஒரு புதிர்தான். ஏழு வயதுப் பிள்ளை எடை குறைவுதான், ஆனால் அதன் முதுகில் இருக்கிற பை? கூரைக் கேரியரில் அத்தனை பைகளையும் அடுக்கினால் வண்டி வளைவில் ஒரு பக்கமாகச் சாயும், நீயே பார்த்திருக்கிறாய். பின்சீட்டுக்குப் பின்னால் வண்டி ஓடுகிற கேஸுக்கான சிலிண்டர் வேறு. ஜூன் மாதத்தில் சரியாக இருக்கிற கணக்கு, யாராவது ஒரு பிள்ளை பன்னிரண்டாவது பிறந்தநாளுக்குச் சாக்லேட் கொண்டுவந்து எல்லாருக்கும் கொடுக்கும் அன்றைக்குத் தப்பாகிவிடும். அந்தச் சாக்லேட்டை நானும்தான் வாங்கித் தின்றேன்.

பத்தரையை நான் பத்து என்று வைத்துக்கொண்டேன். பத்து எப்படிப் பதினாலு ஆனது என்று சொல்ல ஒரு பெரிய காரணம் கிடையாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு சின்னக் காரணத்தோடு வந்தது. ஒன்று, அண்ணன் ஏற்கெனவே வருகிறானே தங்கச்சியை விட முடியுமா என்று. இன்னொன்று, பழைய வேன்காரர் ஊருக்குப் போய்விட்டார் என்று. பதினாலாவது ஜாஸ்மின். அவள் அப்பா கத்தாரில் இருந்தார், அம்மா செல்வராணி செம்பூரில் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் வேலைக்கு ஏழு மணிக்கே போயாக வேண்டும். நான் இடமில்லை என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை பிள்ளையையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து, ஷீபா மடியிலாவது உட்கார வைத்துக் கூட்டிப் போங்க அக்கா என்றாள். நீ அப்போது அஞ்சாவது படித்தாய், பத்து வயது. நீ என்னைக் கேட்காமலே நகர்ந்து இடம் விட்டாய். ஜாஸ்மின் அன்று முதல் உன் மடியில்தான் பள்ளிக்கூடம் போனாள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். என் பக்கத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. மாட்டுங்காவில் பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சயான் பக்கம் வந்தோம். சர்க்கிளுக்கு முன்னால் எதிரே வந்த ஒரு ரிக்ஷாக்காரர் கையைக் காட்டி, "ஆகே செக்கிங் ஹை, மௌஷி", முன்னால் சோதனை நடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வண்டியை ஓரமாக நிறுத்தினேன். உன்னையும் சின்னப் பிள்ளைகள் நாலு பேரையும் இறக்கினேன். இறங்கினால் மிச்சம் ஒன்பது, பத்தரைக் கணக்குக்குள் நிற்கும் என்று மனசு சொன்னது. உன்னிடம், "நீ பெரிய பிள்ளைலா, இவங்களக் கூட்டிக்கிட்டு நடந்து வந்து சர்க்கிளுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால நில்லு, நான் வந்து ஏத்திக்கிடுதேன்" என்றேன். நீ சரிம்மா என்றாய். எதற்கு என்று கேட்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு பேரை இரண்டு கையில் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தாய். மற்ற இரண்டு பேரும் உன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார்கள். அதில் ஒருத்தி ஜாஸ்மின்.

நிறுத்திய அதிகாரி நல்ல மனுஷன், வயதானவர். ஒவ்வொரு காகிதமாகப் பார்த்தார். பிள்ளைகளை எண்ணினார். ஒரு பிள்ளையிடம் வயது கேட்டுவிட்டுச் சிரித்தார். பிறகு பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளிடம் மராத்தியில், ஒரு பொம்பளை எப்படி வைத்திருக்கிறாள் பார், எல்லாரும் இப்படி இருந்தால் நமக்கு வேலையே இல்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது ஷீபா. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். அந்த நேரத்தில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் சர்க்கிளைத் தாண்டிப் போய் பஸ் ஸ்டாப்புக்கு அருகில் நின்றேன். நீங்கள் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து உன்னோடு வந்தவர்களில் ஒரு பெண் பிள்ளை மட்டும் ஓடி வந்தாள். நடைபாதை முழுக்கக் கடை போட்டிருந்ததாம், அதனால் ரோட்டில் இறங்கி நடந்தீர்களாம். எதிர்த் திசையில் வந்த ஒரு பைக் ஜாஸ்மினை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். ஜாஸ்மின் பையைத்தான் பிடித்துக்கொண்டு வந்தாள், ஷீபா அக்காவுக்குக் கை இல்லை என்று அந்தப் பிள்ளை அழுதுகொண்டே சொன்னாள். அதை நான் என் காதால் கேட்டேன். வண்டியில் எத்தனை இடம் என்று நாலு பேரைக் கேட்டு அலைந்தவள், உனக்கு எத்தனை கை என்று எண்ணிப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் தொடை எலும்பு முறிந்திருக்கிறது என்றார்கள். போலீஸ்காரர் வந்து பிள்ளைகள் ரோட்டில் எதற்கு நடந்தார்கள் என்று கேட்டார். வண்டி பஞ்சர், அதனால் இறக்கினேன் என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது. நீ சுவரோரம் நின்று அதைக் கேட்டாய். பிறகு செல்வராணி கம்பெனி யூனிபாரத்தோடு ஓடி வந்தாள். என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. உன் தோளைப் பிடித்து உலுக்கி, "கையப் பிடிச்சிக்கிட்டுதான வந்த, எப்படிட்டி விட்ட?" என்று கேட்டாள். நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் நீ, "விட்டுட்டேன் சித்தி" என்றாய்.

அதுதான் அப்புறம் எல்லார் வாயிலும் ஆனது. ஷீபா கையை விட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் உன்னிடம் சின்னப் பிள்ளைகளைக் கொடுக்கக்கூடாது என்று ஒருத்தி சொன்னது உன் காதில் விழுந்தது என்று எனக்குத் தெரியும். நீ அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் கையைப் பிடித்தாலும் அது வலிக்கிறது என்று அழும் அளவுக்குப் பிடித்தாய். ஜாஸ்மினுக்கு எலும்பு கூடியது, ஆனால் இடது கால் கொஞ்சம் கட்டையாகிவிட்டது. நான் மறு வாரமே பிள்ளைகளைப் பத்தாகக் குறைத்தேன். நிறுத்திய நாலு பேரும் வேறு வேனுக்குப் போனார்கள், அதில் பதினெட்டுப் பேர். சரியாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டு நாலு பிள்ளைகளை அதைவிட மோசமான வண்டிக்கு அனுப்பிவைத்தேனா? இதற்கும் எனக்கு விடை தெரியாது. அன்றைக்குப் பதினாலு பேரோடும் போயிருந்தால் அபராதம் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்போம், ஜாஸ்மினுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அப்படியென்றால் தப்பு அதிகம் ஏற்றியதா, இறக்கியதா? ஏற்றாமல் இருந்திருந்தால் இறக்கும் வேலையே இல்லையே என்று உடனே இன்னொரு பக்கம் கேட்கிறது. இப்படியே சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நீ போன பிறகு வீட்டில் இருக்க முடியவில்லை. உன் அப்பாவிடம் சொன்னேன். பஞ்சர் இல்லை என்பது தனக்கு முன்பே தெரியும், ஸ்டெப்னி டயர் கழற்றப்படவே இல்லையே என்றார். இத்தனை வருஷம் கேட்காதவர் அன்றும், செல்வராணியிடம் போய்ட்டு வா என்று மட்டும் சொன்னார். போன வியாழக்கிழமை காட்கோபருக்குப் போனேன். செல்வராணி இப்போது அங்கேதான் மகளோடு இருக்கிறாள். டீ போட்டுக் கொடுத்தாள். நான் டீயைக் குடிக்காமல், போலீஸ்காரரிடம் சொன்னதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். ஷீபா கையை விடவில்லை, பிடித்தால்தானே விடுவதற்கு என்றேன்.

அவள் என் டீ ஆறாமல் இருக்க ஒரு தட்டை எடுத்து மூடினாள். பிறகு, "பஞ்சர் இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்க்கா" என்றாள். "தெனமும் காலையில எம்பிள்ளைய ஏத்தும்போது எத்தன பேர் இருக்காவன்னு நானுந்தான எண்ணுவேன். பதினாலாவதா ஏத்திவிட்டது நாந்தான. உங்களக் கேட்டா என்னையும் கேக்கணும். அதான் அந்தப் பச்சப் பிள்ளையப் புடிச்சி உலுக்குனேன்."

பிறகு அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. நீ ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கேக் வாங்கிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போவாயாமே. காலேஜ் படிக்கும்போது ஜாஸ்மினுக்கு உயரம் கூட்டித் தைத்த செருப்பு தாராவியில் எங்கே நன்றாகச் செய்வார்கள் என்று விசாரித்து, நீயே அளவு கொடுத்து வாங்கித் தந்தாயாமே. எனக்கு இதில் ஒன்றுகூடத் தெரியாது. ஒருதடவை செல்வராணி, அன்னைக்கு உங்க அம்மா எதுக்குட்டி இறக்கிவிட்டா என்று உன்னிடம் நேராகவே கேட்டிருக்கிறாள். நீ சொல்லிவிடுவாய் என்று எதிர்பார்த்தே கேட்டாளாம். நீ பஞ்சர் சித்தி என்றாயாம். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னா அக்கா, எனக்குத்தான் அழுகை வந்துட்டு என்றாள்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜாஸ்மின் வேலையிலிருந்து வந்தாள். ரத்தப் பரிசோதனை செய்யும் லேபில் இருக்கிறாள், அடுத்த வருஷம் கல்யாணம் வைக்கப் போகிறார்களாம். அவளிடமும் சொன்னேன். திட்டுவாள் என்று இருந்தேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு அன்னைக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல ஆன்ட்டி. அக்கா விட்டுட்டான்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டிருந்தேன். மன்னிச்சிட்டேன்னு அவகிட்ட எத்தன தடவ சொல்லியிருக்கேன் தெரியுமா?" என்றாள். பிறகு போனை எடுத்து உன்னைக் கூப்பிட்டாள். நீ எடுக்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் உனக்கு வந்த மிஸ்டு கால் அதுதான். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து ரிக்ஷா நிறுத்தித் தந்தாள்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. விதிகள் உனக்குத் தெரியும், பரீட்சை எழுதி ஜெயித்திருக்கிறாய், அந்த அரைப் பிள்ளைக் கணக்கையும் உனக்கு யாராவது விளக்கியிருப்பார்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஒருநாள் இல்லை ஒருநாள் நீ ஒரு வேனை நிறுத்துவாய், உள்ளே பதினாலு பிள்ளைகள் இருப்பார்கள். நிறுத்து, விட்டுவிடாதே, எழுத வேண்டியதை எழுது. ஆனால் பிள்ளைகளை அந்த ரோட்டில் இறக்காதே. வண்டிக்கு முன்னால் உன் ஜீப்பை விட்டு, மெதுவாக வரச் சொல்லி, ஒவ்வொரு பிள்ளையையும் வீட்டில் சேர்த்த பிறகு வண்டியைப் பிடி. சட்டம் அதற்கு இடம் கொடுக்குமா என்று எனக்குத் தெரியாது. கொடுக்காவிட்டால் பெரிய அதிகாரியிடம் கேட்டுப் பார். சோதனை நடக்கும் இடத்துக்கு முன்னாலும் ஒரு ஆளை நிறுத்து. என்னைப் போல யாராவது ஓரமாக நிறுத்திப் பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஜாஸ்மின் ஞாயிற்றுக்கிழமை மறுபடி கூப்பிடுவாள். எடுத்துப் பேசு. எவ்வளவு நேரமானாலும் பேசு. என்னைக் காப்பாற்ற ஒன்றும் சொல்ல வேண்டாம்.

அம்மா